அறுபத்தொரு கிலோமீற்றர்

நாற்பத்திரண்டு நாடுகள்.
நான் பொறுப்பேற்ற நாளில்
எங்கள் கம்பனியில் வெள்ளம் வந்ததென்று ஒப்புக்கொள்ளவே
மூன்று கையொப்பம் வேண்டியிருந்தது.

காலி செய்தேன்:
கோப்புகளை, கோப்பு கட்டிய நாடாக்களை,
நாடா கட்டிய ஆட்களை.
ஒன்பதாயிரத்து எழுநூறு பேர்.
எண்ணிக்கையை மறக்கவில்லை.
மறக்காததை ஒரு தகுதியாகவும் சொல்லவில்லை.

பிறகு கொண்டுவந்தேன்
கேள்வி கேட்காத காப்புறுதியை.
படிவம் இல்லை, பரிசோதகர் இல்லை,
உடைந்த பலகையைப் படம்பிடிக்க வேண்டாம்.
காற்று மணிக்கு அறுபத்திரண்டைத் தொட்டால்
அன்று மாலையே கைத்தொலைபேசியில் காசு.
‘காற்றுக்கு யாரும் லஞ்சம் கொடுக்க ஏலாது’
என்றேன் ஒரு மேடையில்.
கைதட்டினார்கள்.
அறைக்குத் திரும்பி அந்த வரியை
நானே இன்னொரு தரம் சொல்லிப்பார்த்தேன்.

கார்த்திகைக் கடைசியில் கிண்ணியாவில்
இருபத்தாறு தோணிகள் போயின.
சீனக்குடாக் காற்றுமானி
அறுபத்தொன்று என்று எழுதியது.
எங்கள் இயந்திரம் நான்கு செக்கனில்
இருபத்தாறு பேருக்கும்
மரியாதையாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது.
எங்கும் பிழையில்லை.
நான் விமானம் ஏறியது அதனால்தான்.

மொழிபெயர்க்க ஒருவரைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.
தேவைப்படவில்லை.
அவர் வாகனத்துக்குள் இருந்தபடி
மான்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.
திருகோணமலை நகர மான்கள்
வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு
எந்த ஒப்பந்தமும் இல்லாமல்
லொறிக்குக் குறுக்கே நடந்தன.

சீனக்குடாவில் அலுவலர் தவராசசிங்கம்
கம்பத்தைக் காட்டினார்.
மூன்று கிண்ணம், ஒரு சுழல்.
முந்தாநாள்தான் எண்ணெய் போட்டதாம்.
பின்னால் ஒரு வாகை.
‘போன வருசம் இந்த மரம் இவ்வளவு உயரமில்லை’ என்றார்,
யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

வாகையைச் சாட்டி
இருபத்தாறு பேருக்கும் கொடுத்துவிடலாம்.
பாலம் தாண்டுமுன்பே கடிதம் மனதில் தயார்.
கொட்டியாரக் குடா வலப்பக்கம்
ஒன்றும் நடக்காததுபோல் பளபளத்தது.
சரி, அடுத்த வருசம் அறுபதோடு நின்ற கரைக்கு
எந்த மரத்தைத் தேடுவேன்?

நசீஹாவுக்கு இரண்டு தோணி இருந்தன,
ஒன்றின் கடனில் பாதி கட்டியாயிற்று.
தேத்தண்ணி வைத்தாள்.
தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
‘ஒங்கட காத்துப்பெட்டிக்குத் தோணி இருக்கா?’
இல்லை என்றேன்.
‘எனக்கு இருந்திச்சு.’
அவ்வளவுதான் பேச்சு.
தேத்தண்ணியில் சீனி கூட.
முழுவதையும் குடித்தேன்.

இரவு உப்புவெளி விடுதி அறையில்
திரையில் எட்டு முகங்கள்.
‘ஒரு கிலோமீற்றருக்காகவா இவ்வளவு தூரம்?’
நிதிப் பொறுப்பாளர் சிரித்தார். கெட்டவர் அல்ல.
எண்கள் அவர் பக்கம்,
எழுதிக்கொடுத்தவள் நான்.

போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றேன்.
எத்தனை ஆள் என்றார்.
நான் வீட்டுக்கு அனுப்பியவர்களில்
திரும்பிவரச் சம்மதிக்கிறவர்கள்
எத்தனை பேரோ, அத்தனை.

மின்சாரம் போனது.
முகங்கள் இல்லாத கண்ணாடியில்
என் முகம் மட்டும், கொஞ்சம் நேரம்.
வெளியே கடல் தன் கணக்கில் இருந்தது.
மின்சாரம் வந்தபோது
ஐந்துக்கு நான்கு என்று வாக்கு முடிந்திருந்தது.
என் வாக்கைச் சேர்த்துத்தான் ஐந்து.
ஒரு வருசப் பரீட்சார்த்தம், இந்தக் கரைக்கு மட்டும்.

காசு இன்னும் போகவில்லை.
மீள்காப்புறுதிக்காரர்கள் யோசிக்கிறார்கள்.
யோசிப்பதற்கு அவர்களிடம்
தொண்ணூறு நாள் இருக்கிறது.
வாடைக்கு அப்படி ஒரு தவணை கிடையாது.

விடியமுன் அந்தக் குறுஞ்செய்தியை
மறுபடி திறந்து கடைசி வரிவரை படித்தேன்.
‘இந்த இலக்கத்துக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.’

முதலில் அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.
பதில்கள் வரத் தொடங்கியிருக்கின்றன.