எல்லைக்கல் இலக்கம் 14

கண்காட்சிப் பலகைக்கு, வெள்ளிக்குள்,
"சாதனைகள், ஆண்டு வாரியாக" கேட்டிருந்தார்கள்.
கோப்பைத் தட்டினேன். செல்லரித்த வர்த்தமானி,
கிண்ணையடிக் கரைக்கு ஒரு வரைபடம்.

நட்ட வருஷமே பதினாலாம் கல்லில்
பூபாலப்பிள்ளை தோணி கட்டினாராம்.
சண்டைக்குள், பார்வை மறைக்கிறதென்று
கண்ணாவையெல்லாம் வெட்டியவர்கள்
கல்லை மட்டும் விட்டுவைத்தார்கள்.
பிறகு இறால் பண்ணை வந்தது; நொடித்தது.

நேற்றுப் போனேன். கல்லைக் காணவில்லை.
"காலால தடவுங்க மிஸ், கண்ணா முழுங்கிற்று"
என்றான் வலைக்காரப் பொடியன்.
முழங்கால் சேற்றில், வேர்களுக்குள்ளே,
மட்டி அப்பி,
இலக்கம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

காடு கல்லைத் தாண்டி
பண்ணைக் குளத்துக்குள் இறங்கியிருக்கிறது,
நாற்பது அடி,
யாருடைய கையொப்பமும் இல்லாமல்.

இதை எந்த ஆண்டில் எழுத?