ம் கொட்டும் பெட்டி

யாரும் கதை சொல்லாதபோதே
ம்... ம்... என்று
கேட்டுக்கொண்டிருந்தது ஆம்ப்ளிஃபையர்.

கிருஷ்ணகிரி பழைய பேட்டையில்
மைக்செட் தொழிலை ஏறக்கட்டியவரிடம்
தொள்ளாயிரத்துக்கு வாங்கி
மடியில் வைத்து பஸ்ஸில்
காவேரிப்பட்டணம் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.
"ஓடுமாம்மா?"
"ஓடும். சும்மா இருக்காது."

முதலில் ஃபாயில்.
பிரியாணிப் பொட்டலத்தில் வந்ததை
சபீனா போட்டுக் கழுவி
ஒயர் நெடுகச் சுற்றினேன்.
போன் மணி அடிக்குமுன்
ஸ்பீக்கரில் வரும் டிடிட் டிடிட் நின்றது.
ம் நிற்கவில்லை.
காலையில் எழுந்து பார்த்தால்
ஒயர் முழுக்க எறும்பு,
இரண்டு வரிசை,
இடது சேனலில் கொஞ்சம் கூடுதல்.

மறுபடி தேய்த்தேன். மறுபடி சுற்றினேன்.
ஒரு முனையில் எர்த் நல்லதென்றால்
இரண்டு முனையிலும் இன்னும் நல்லதுதானே என்று
இரண்டையும் முறுக்கிவிட்டேன்.
ம் என்றது
ம்ம்ம்ம் என்றது.
கட்டிலிலிருந்து முனிரத்தினம்
கண் திறக்காமல் சொன்னான்:
"ஒரு பக்கம் அவுத்து விடேன்."
அவிழ்த்தேன்.
வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது
போக வழி கிடைத்து அடங்கியது,
முக்கால்வாசி.
அவன் சொன்னது கொசுவலையை என்று
பிறகுதான் தெரிந்தது.

காயலான்கடையில் செத்த மானிட்டரின் ஒயர் ஒன்று,
தவளை விழுங்கிய பாம்புபோல் நடுவில் புடைப்பு.
புடைப்பை மட்டும் கேட்டேன்.
பாம்போடு எடுத்துக்கோ என்றார், பத்து ரூபாய்.
கீழ்வீட்டு மிக்ஸி அதன்பின்
பாட்டுக்குள் வருவதில்லை.

மிச்சமிருந்த கால்வாசி
ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்தது.
அதற்கு ஃபாயில் ஒரு பொருட்டே இல்லை.
இரும்பு வேண்டும்.

நான் வேலை பார்க்கும் பல்ப் கம்பெனியில்
மூடி சரியாக அமராத டின்களை
ஓரமாக ஒதுக்குவோம்.
பெங்களூரா மாம்பழம் பார்க்காமலே
சப்பளிந்துபோன டின்கள்.
சூப்பர்வைசரிடம் கேட்டு ஒன்று வாங்கினேன்.
கேட்டில் கோபாலப்பா பையைத் திறந்து பார்த்தார்.
"எதுக்கு?"
"ட்ரான்ஸ்ஃபார்மருக்கு."
தெருமுனையில் இருப்பதை நினைத்தாரோ என்னவோ,
நோட்டில் எழுதினார்:
காலி டின் ஒன்று, கரண்ட் ஆபீஸ் உபயோகம்.

ஆணியால் துளை போட்டு, சூடு போக வழி வைத்து
கவிழ்த்தேன்.
பாதி போனது.

அப்புறம் ஒரு ராத்திரி
ஸ்க்ரூ கழற்றிய கை
ட்ரான்ஸ்ஃபார்மரைத் தெரியாமல் சற்றே திருப்ப,
ம் மெலிந்தது.
இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
இன்னும்.
ஓர் இடத்தில்
இல்லை.
ஸ்க்ரூ ஓட்டை அந்தக் கோணத்தில் இல்லாததால்
சைக்கிள் ட்யூபை அறுத்துக் கட்டினேன்.
மூன்று வாரம், இருபத்தைந்து ரூபாய், இரண்டு ஷாக்.
கடைசியில்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் போதுமாயிருந்தது.

வீணை போட்டேன்.
எத்தனையோ தடவை கேட்டதுதான்.
முதல் ஸ்வரத்துக்கு முன்னால்
நகம் தந்தியில் உரசும் கீச்சு.
வாசிப்பவர் உட்கார்ந்த பாய் நகர்வது.
யாரோ, தூரத்தில், செருமலை அடக்குவது.
இவர்களெல்லாம் இத்தனை நாள்
அதற்குள்தான் இருந்தார்களா?

வீணை முடிந்ததும் தெருமுனை கேட்டது.
இரட்டைக் கம்பத்தின்மேல்
அதே சுருதியில், பெரிய ம்.
அதற்கு எத்தனை டின் வேண்டும் என்று
ஒரு கணம் கணக்குப் போட்டேன், நிஜமாகவே.

"ஆஃப் பண்ணிட்டியா?"
முனிரத்தினம்தான்.
"இல்ல. ஓடிட்டுதான் இருக்கு."
"சத்தமே காணோம்."
"அதான்."
புரண்டான். மறுபடி புரண்டான்.
"தூக்கம் வரல.
பழையபடி கொஞ்சம் திருப்பி வையேன்."

ரப்பர் கட்டை எங்கே அவிழ்ப்பது இந்நேரத்தில்.
காலையில் பார்க்கலாம் என்று
விளக்கணைத்துப் படுத்தேன்.
சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்தது.

அவன் பேச ஆரம்பித்தான்.
ஓசூர் ஷிஃப்ட், புது மெஷின்,
ராயக்கோட்டையில் பஸ் பஞ்சரானது,
தக்காளி விலை.
நான் ம் என்றேன்.
ம்.
ம்.

நடுவில் எங்கோ நின்றுபோயிருக்கிறேன்.
"கேக்கறியா?" என்று
தோளில் தட்டினான்,
செட்டைத் தட்டுவதுபோல்.