மழைக்குழாயில் குடியிருப்பவர்

டவுன்ஸ்வில்லுக்கு வந்த மூன்றாம் இரவு
நான் போலீசுக்குப் போன் செய்தேன்.
ஆற்றோரம் யாரோ ஒரு பெண்
கழுத்து நெரிபட அலறுகிறாள் என்று.
மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்:
"ஊருக்குப் புதுசா?
அது கர்லூ. பறவை. கால் மட்டும் நீளம்.
தூங்குங்கள்."

அப்புறம் தூங்கவா முடிந்தது?

ஏழு வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது.
இழையினிக்குத் தெரியாது.
ராத்திரி பல் தேய்த்ததும்
காதுக்குப் பின்னாலிருந்து கருவியைக் கழற்றி
உலர்த்தும் டப்பாவில் வைத்து மூடுவோம்,
பாட்டரி சார்ஜுக்குப் போகும்.
அதோடு ஊரே வாயடைத்துப்போகும் அவளுக்கு.
ஐந்து வயதுக் கணக்கில்
இருட்டு என்பது
சத்தம் இல்லாத ஒரு சாமான்.

பக்கத்து வீட்டு டார்சிதான் கெடுத்தான்.
"அவன் வீட்டுக் கூரைல ராத்திரி பாசம் ஓடுதாம்."
பாசமா? கூரையிலா?
"வால் இருக்கிற பாசம்மா. பாஸம்.
நம்ம வீட்ல மட்டும் ஏன் எதுவும் ஓடல?"

வெள்ளிக்கிழமை, கழற்றவில்லை.
டார்சியும் வந்தான், தலையில் கட்டிய டார்ச்சோடு.
அதை அணைக்க வைக்கவே கால் மணி நேரம்.
பின்படியில் மூன்று பேர், ஒரு பாய்,
நிறைய கொசு.
ஒரே ஒரு சட்டம்:
என்னவென்று கேட்கக் கூடாது,
எப்படி இருக்கிறதென்று சொல்ல வேண்டும்.

சக் சக் சக்.
"யாரோ 'ச்சுச்சு'ன்னு நாக்கைக் கொட்டுறாங்க."
கதவுக்கு மேலே பல்லி.
அது சொன்ன திசைக்கு என்ன பலன் என்று
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மாமரத்தில் பழந்தின்னி வௌவால்கள்.
"எல்லாரும் ஒரே சீட்டுக்குச் சண்டை போடுறாங்க."

உம்ம்ம்ம்ம்.
"தூங்குற மாடு."
"அது உங்க ஏசி," என்றான் டார்சி.
"ஏசி நேச்சரா அம்மா?"
எனக்குப் பதில் தெரியவில்லை.

மைதானத்துப் பக்கம் ஆட்காட்டி கத்தியது,
பகலில் எங்கள் மண்டையைக் குறிவைக்கும் அதே ஆள்.
"இப்ப யாரைத் திட்டுது?"
"நிலாவை," என்றான்.

பிறகு அது வந்தது.
முதலில் மெல்ல, ஒரு கேள்வி போல,
பிறகு மேலே, மேலே,
இன்னொன்று சேர்ந்து, இன்னொன்று சேர்ந்து.
நான் இழையினியின் கையை இறுக்கியிருக்கிறேன்.
அவள் உருவிக்கொண்டாள்.
"வலிக்குது. ஏன் பயப்படுற?
அது அழல.
எங்க நிறுத்தணும்னு தெரியாம சிரிக்குது."

எட்டே முக்காலுக்குக் கருவியில் சிவப்பு மினுங்கிற்று.
மாற்றுப் பாட்டரி எங்கே என்று
உள்ளே ஓடி, இழுப்பறைகளைக் கவிழ்த்து,
வெறுங்கையோடு திரும்பினால்
படியில் அவள் இல்லை.

சுவரோரம் நிற்கிறாள்.
மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை
இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு,
கன்னம் அதன்மேல்.
குழாய்க்குள்ளே பச்சைத் தவளை ஒன்று
வீடு முழுக்கத் தன்னதென்று
குரைத்துக்கொண்டிருந்தது.
"அம்மா," என்றாள் தேவைக்கு மேல் உரக்க,
"இது உள்ளங்கைல கத்துது!"

டார்சியும் ஓடிவந்து காதை ஒட்டினான்.
தவளை சட்டென்று நிறுத்திக்கொண்டது.

அவள் அவனை முறைத்தாள்.
உதட்டின் மேல் விரல் வைத்தாள்.
யாரும் அசையவில்லை,
முழங்காலில் கொசு உட்கார்ந்தும்.
குழாய்
இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.