உடைந்ததன் விலை

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மெஷினுக்கு நான் கணக்கன்.
மூட்டைக்கு ஒரு கோடு,
ஐந்தாவதற்குக் குறுக்கே ஒன்று.
ஊர் போர்வைக்குள் புரண்டு படுக்கும்
இரவு இரண்டு மணிக்கு
என் உத்தியோகம் தொடங்குகிறது.

தை மாசத்து உறைபனி.
புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெள்ளை.
உப்பென்றால் கஞ்சிக்காவது ஆகும்.
இதை மிதிக்கத்தான் முடியும்,
அதுவும் ரப்பர் செருப்போடு.

கொட்டகை மூலையில் டிவி,
கிரிக்கெட்டுக்காக முதலாளி மாட்டியது.
பகலில் வாசித்த பட்ஜெட்டை
மறுபடி ஓட்டுகிறார்கள்.
நாடு ஏழு சதவீதம் வளர்கிறதாம்.
ராஞ்சிக்கு அப்பாலிருந்து
மூன்று ரயில் மாறி வந்த சோம்ரா கேட்டான்:
"ஏழு சதவீதம்னா எவ்ளோ அண்ணா?"
நூறு மூட்டை இருந்த இடத்தில்
நூற்றியேழு என்றேன்.
"அந்த ஏழைத் தூக்குறது யாரு?"

மூன்றரைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து போன்.
மண்டிக்காரர் சொல்லும் ஓர் எண்ணுக்காக
கம்பளிக் குல்லாயை ஒரு காதுக்கு மேல் தூக்கியபடி
நின்றுகொண்டிருந்தார் பெள்ளி கவுடர்.
போன வாரம் முப்பத்தெட்டு.
நேற்று இருபத்தொன்று.
இன்று பதினாலு.
பிடுங்குகூலி, கழுவுகூலி, சாக்கு,
லாரி வாடகை, கமிஷன்
கூட்டிப் பார்த்தேன்: பதினைந்தே கால்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குல்லாயை இறக்கிக் காதை மூடிக்கொண்டார்.

விதை டப்பா கடல் தாண்டி வருகிறது.
அதன் விலை ஒரு நாளாவது இறங்கியதாக
என் நோட்டில் இல்லை.
கேரட் நூறு நாள் மண்ணுக்குள் இருந்தது.
அவர் வீட்டு வளையல்
அதற்குப் பத்து நாள் முன்பே
லாக்கருக்குள் போய்விட்டது, அடகுக்கடை லாக்கர்.

பவளக்கொடி தரம் பிரிப்பவள்.
தேயிலைக் கம்பெனி ஆள் குறைத்தபோது
இந்தப் பக்கம் இறங்கி வந்தவள்.
உடைந்தது, இரண்டு காலாய்ப் பிரிந்தது,
தோள் பச்சை பாய்ந்தது எல்லாம் தள்ளுபடி.
தள்ளுபடிக் குவியலை ஆறு மாசமாய்
அவள்தான் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறாள்.
மாட்டுக்கு என்று நினைத்திருந்தேன்.
அவளிடம் மாடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊட்டி ஏரிக்கரையில் பார்த்தேன்.
குதிரைகள் நிற்குமிடத்தில்
கம்பி ஒடிந்த குடைக்குக் கீழே அவள்.
நாலு துண்டு வாழைநாரில் ஒரு கட்டு,
கட்டு இருபது ரூபாய்.
வெளியூர்க் குழந்தை ஒன்று
கண்ணை இறுக்க மூடிக்கொண்டு
குதிரை வாய்க்கு நீட்டியது.
அப்பா படமெடுத்தார்.
நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன், பழக்கதோஷம்:
கிலோ நூற்றியறுபது.
முழுசாய் விளைந்தது பதினாலுக்குப் போக
முறிந்தது நூற்றியறுபதுக்குப் போகிறது.
"கவுடர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.
"முப்பது குதிரை" என்றார் என்னிடம்,
பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து
அந்தக் கரை வரை படிப்படியாய் இறங்கும்
பாத்திகளைப் பார்த்துக்கொண்டே.
"முப்பது குதிரை எவ்வளவுதான் தின்னும்?"

இன்று வேலை முடிந்ததும்
வங்கிப் படிவம் ஒன்றை நீட்டினாள்.
தள்ளுவண்டிக் கடன், முப்பதாயிரம்.
பெயர் எழுதினேன்.
கணவர் பெயருக்குக் கோடு போடச் சொன்னாள்.
தொழில்?
கேரட் வியாபாரமா, குதிரைத் தீவனமா என்று
நாங்கள் தடுமாறியபோது
"சுற்றுலா" என்றான் சோம்ரா, சாக்கைத் தைத்தபடி.
அதையே எழுதினேன்.

அடுத்த கட்டம்:
மூன்றாண்டில் எதிர்பார்க்கும் வளர்ச்சி, சதவீதத்தில்.
"ஏழு போடவா?"
அவள் டிவியைப் பார்த்தாள். பிறகு தன் சாக்கை.
"குதிரைங்க தின்ற அளவு போடுங்க.
மேல கேட்டா, அப்புறம் பாக்கலாம்."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டோம்.
கையெழுத்துக்கு வந்தபோது
குளிரில் பேனா எழுத மறுத்தது.
வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.
வெளியே லாரி இரைந்தது.
கவுடர் போனில் விதைக்கடைக்காரரிடம்
இன்னொரு டப்பாவுக்குக் கடன் சொல்லிக்கொண்டிருந்தார்.
பேனா சூடாகும்வரை
நாங்கள் காத்திருந்தோம்.