ஏழு தசம் நான்கு

பம்பலப்பிட்டி, பதினேழாம் மாடி.
விருந்து கலைந்தும்
சுடுநீர்த் தொட்டியில் நுரை கலையவில்லை.
சன் கிரீம், வியர்வை, யாரோ ஊற்றிய சாராயம்.

பட்டியை முக்கிப் பதினைந்து எண்ணினேன்:
மஞ்சள்.
தண்ணீர் புளித்திருக்கிறது.
சோடாத்தூள் ஒன்றரைக் கரண்டி.
மோட்டார் ஓடட்டும்.
குளோரின் பிறகுதான், முந்தினால் வீண்.

கீழே ரயில். அதற்கப்பால் கடல்,
ஒருவரும் கணக்குப் பார்க்காத உப்பு.

மறுபடி முக்கினேன். செம்மஞ்சள்.
ஏழு தசம் நான்கு.
கண்ணீரும் அதே அளவாம்,
அதனால்தான் கண் எரியாதாம்.
அளந்தவர் எவரோ, யாருடையதையோ.

மூடியைப் போட்டேன்.

மட்டக்குளி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி
மூக்கைச் சுளித்தாள், பிறகு சிரித்தாள்:
“நீந்தப் போய் வாறீங்களோ?”

வீட்டில் இன்று தண்ணீர் வெட்டு.
இரண்டு வாளி இருக்கும்.

ஓம் என்றேன்.