பதினொன்றரை

கையை விடு, அபக்கர். வலிக்காது.
வெறும் நாடா.
தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே
ஒரு சுற்று, அவ்வளவுதான்.

அத்ரே முகாமில்
விடியும் முன்பே இருநூறு தாய்மார்.
தண்ணீர் லாரி நிற்கும்வரை நிழல்,
அது நகர்ந்தால் வெயில்.

பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு.
சிவப்பென்றால் வாரத்துக்குப் பதினான்கு பொட்டலம்
வேர்க்கடலை விழுது,
மூலையைக் கடித்து உறிஞ்சலாம்.
மஞ்சளென்றால் பக்கத்து வரிசை.
பக்கத்துக் கூடாரம் மூன்று வாரமாகக் காலி.
லாரி கிளம்பிவிட்டது என்கிறார்கள்,
பணமே வரவில்லை என்கிறார்கள்,
இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்கிறார்.
பச்சையென்றால்
கைதட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.
பயிற்சியில் சொன்னார்கள்.
எந்த வீட்டுக்கு என்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

போன வாரம் பதினொன்று புள்ளி இரண்டு.
இன்று பதினொன்று புள்ளி ஆறு.
கல்தூம், உன் மகன் தேறிவிட்டான் என்று
வாயெடுத்தேன்.
அவள் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
தீர்ப்பைப் படிக்கத் தெரிந்தவள் போல.
முந்தானையைப் பிடித்தபடி இரண்டு பெண் பிள்ளைகள்.
சின்னவள் உதட்டோரம் காய்ந்த விழுது.
பார்த்தேன்.
பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனைனாவில் எனக்கொரு தையல் கடை.
பெருநாளுக்கு முன் பத்து இரவு தூக்கம் கிடையாது.
பிள்ளைகளின் சட்டையென்றால்
கேட்காமலே இரண்டு விரல் கூட்டி வெட்டுவேன்.
வளர்கிற உடம்பு, மடித்துத் தைத்தால்
அடுத்த வருஷமும் ஆகும்.
மெஷினை விட்டு ஓடிவந்தேன், கத்தரியையும்.
யார் யார் சட்டையோ
பித்தான் வைக்காமல் கிடந்தது மேசையில்.

கூட்டிப் பழகிய விரல்
ஒரு மயிரிழை இறுக்கியது.
'ஆ' என்றான் அபக்கர்.
வலிக்காது என்று சொல்லியிருந்தேன்.

பதினொன்று புள்ளி நான்கு என்று எழுதினேன்.
கல்தூம் நன்றி சொல்லவில்லை.
பொட்டலங்களை இரண்டு முறை எண்ணி
துணியில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்தவள் மடியில் கிடந்தது பெண் குழந்தை.
பெயர் கேட்டேன், ஜிம்மேசா என்றாள்.
நாடாவை இறுக்கவே இல்லை நான்.
அது தானாக உள்ளே போனது,
பச்சை தாண்டி, மஞ்சள் தாண்டி,
சிவப்பிலும் பாதி தாண்டி
விரல் எலும்பில் முட்டும்வரை.

பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
ஒன்பது.