கல் விளைச்சல்

பனி இளகும்போதெல்லாம்
கல்லை ஈன்று தள்ளும் நிலம்.
சஸ்காட்சவானில் நூற்றறுபது ஏக்கர், பத்து டாலர்.
கையெழுத்துக்குப் பதில் ஒனூஃப்ரி போட்ட
பெருக்கல் குறி
இன்னும் பத்திரத்தில் இருக்கிறது.

அவர் எருது கட்டி இழுத்துப் போட்டார்.
மகன் மெத்தோதி, குதிரை கட்டி.
என் அப்பா டிராக்டரில்,
கெட்ட வார்த்தைகளோடு.
வேலியோரக் குவியல்
தானியக் கொட்டகையைவிட உயர்ந்தது.
கோதுமை பொய்த்த வருடங்களிலும்
கல் பொய்க்கவில்லை.

ரெஜினாவிலிருந்து ஒருவன் வந்தான்.
பணக்கார வீட்டுத் தோட்டங்களுக்காம்,
டன் கணக்கில் விலை பேசினான்.
போன வருட ஆளிவிதையைவிட நல்ல விலை.
சிரித்துக்கொண்டே முன்பணம் வாங்கினேன்.

லாரி வருவதற்கு முந்தைய இரவு
பழைய கணக்கு நோட்டில்
எழுதத் தெரிந்த பரஸ்காவின் கிறுக்கல்:
உப்பு, மண்ணெண்ணெய், கடன் வாங்கிய விதை.
அதன் கீழே, மார்ச் 1909,
‘மண் இரும்பாய்க் கிடக்கிறது. தோண்ட முடியவில்லை.
யுஸ்தீனாவின் மேல் கல் அடுக்கினோம்.
ஓநாய் வராது.’

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டு,
பாதிக் குவியலாவது கொடுங்களேன் என்றான்.

எந்தப் பாதி?